ரெண்டு தக்காளி எடுத்தால் திருட்டா?

பாலக்கோடு தக்காளி மார்க்கெட். கூடையை இறக்கும்போதே பக்கத்தில் நிற்கிற ஆசாமி ரெண்டு பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். கேட்டால், "ரெண்டு தக்காளிதானே, அதுக்குப் போய் கத்துறீங்களே!" என்பார்.

விலை படுத்துவிட்டால் விவசாயியே ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதுண்டு. அதை அள்ளினால் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடையில் வைத்து அரசே 60 ரூபாய்க்கு விற்றது. அப்போது மட்டும் அதே ரெண்டு பழம் திருட்டாகிவிட்டது!

சட்டமும் ரூபாயைத்தான் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 303-வது பிரிவு. திருடியது 5 ஆயிரம் ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாச்சு என்றால் ஜெயில் கிடையாது, சமூக சேவைதான். நல்லதுதான். பசிக்கு எடுத்தவனை உள்ளே தள்ளி என்ன லாபம்?

மார்க்கெட்டில் எடுப்பவருக்குப் பசியும் இல்லை. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் போக மிஞ்சுவதுதான் விவசாயிக்கு. அதில் இருபது பேர் கை வைத்தால் கிலோக் கணக்கில் போச்சு! வாய்விட்டுக் கேட்டால் அவரே நாலு பழம் எடுத்துக் கொடுப்பார். யாரும் கேட்பதில்லை.