பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பாடத்திலும் குரல் வேண்டும்

ஆசிரியருக்கு,

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் நிதிச் செலவைக் கண்காணிப்பதும் இந்தக் குழுவின் வேலை. கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் யோசனை கேட்கும் அரசு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதில் ஒரு வார்த்தை கேட்பதில்லையே!

பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்திடமே இருக்கட்டும். பாடவேளைகளில் ஒரு சிறு பகுதியை மட்டும் அந்தந்த ஊருக்கு விட்டால் போதும். நாகப்பட்டினம் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் ஏன் கடலுக்குப் போவதில்லை? மீன் இனப்பெருக்கம், கொண்டல் காற்று, வாடைக் காற்று, ஏலக் கணக்கு என ஒரு பருவத்துக்கான அறிவியலும் கணிதமும் அங்கேயே கிடக்கின்றன. அதைச் சொல்லித்தர அந்தக் குழுவில் இருக்கும் மீனவத் தாயைவிடத் தகுதியானவர் யார்? குழந்தையின் அறிவை வளர்த்தெடுப்பதாகப் பாடத்திட்டம் அமைய வேண்டும் என்று அதே சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது.

ஊரில் ஆதிக்கம் செலுத்தும் சாதியின் கதையே பாடமாகிவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. அது நியாயமான அச்சம். அதனால்தான் வரலாற்று உண்மையையும் அறிவியலையும் குழுவின் வாக்கெடுப்புக்கு விடக்கூடாது என்கிறேன். உள்ளூர்ப் பாடங்களை வட்டார வளமைய ஆசிரியர்கள் சரிபார்த்த பிறகே வகுப்பில் நடத்த வேண்டும்.

வரும் கல்வியாண்டில் மாவட்டத்துக்குச் சில பள்ளிகளிலாவது பள்ளிக்கல்வித் துறை இதைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மாணவியின் பெற்றோர்