மூன்று மரபணுக்களும் ஒரு "ஆகவே"யும்

நோய்சார் இதயத் தசைத் தடிப்பு குறித்து நம் நாட்டில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. எலிக்கு ஐசோபுரோட்டெரினால் ஊசி, உடன் ஒரு மூலிகைச் சாறு, பிறகு ஏஎன்பி, பிஎன்பி, பீட்டா மயோசின் ஆகிய மூன்று மரபணுக்களின் ஆர்என்ஏ அளவு. நோயில் அவை ஏறின, மருந்தில் இறங்கின, ஆகவே இதயம் காக்கப்பட்டது. இந்த "ஆகவே"யை நான் மறுக்கிறேன்.

ஏஎன்பி நோயன்று; நோய்க்கு எதிராக இதயம் எழுப்பும் தற்காப்பு. உப்பையும் நீரையும் சிறுநீரகம் வழியே வெளியேற்றி, இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது அது. அதன் ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு இதயம் பருத்துவிடுகிறது. இத்தகைய பெப்டைடுகளைச் சிதைக்கும் நெப்ரிலைசின் நொதியைத் தடுப்பது சாகுபிட்ரில். அது வால்சார்ட்டனுடன் இணைந்து, எனலாப்ரிலைக் காட்டிலும் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இறப்பைக் குறைத்ததை 2014இல் பாரடைம் ஆய்வு காட்டியது. அவ்வாறாயின், ஏஎன்பி இறங்கியதன் பொருள் சுமை குறைந்தது என்பதா, தற்காப்பு முறிந்தது என்பதா? ஆர்என்ஏ அளவு மட்டும் இதற்கு விடை கூறாது.

பீட்டா மயோசினின் நிலையும் இதுவே. வளர்ந்த சுண்டெலியின் கீழறையில் ஆல்ஃபா வடிவமே மிகுதி. சுமை கூடும்போது பீட்டா தலைதூக்குகிறது. இதைக் "கருவளர்காலத் திட்டம் மீண்டது" என்கிறோம். மனிதக் கீழறையிலோ, நலமாயிருக்கும்போதே மயோசினில் 90 விழுக்காட்டுக்கு மேல் பீட்டாதான். எஞ்சிய சிறிதளவு ஆல்ஃபா மேலும் குறைவதே அங்கு நிகழ்வது. மேலும், பெருந்தமனி இறுக்கப்பட்ட சுண்டெலிகளில் பீட்டாவை வெளிப்படுத்தியவை சிறுபான்மைச் செல்களே என்றும், அவையும் அளவில் சிறியவை என்றும் 2011இல் சர்குலேஷன் ரிசர்ச் இதழ்க் கட்டுரையொன்று காட்டியது. செல் பருத்ததற்கு நாம் காட்டும் சான்று, பருக்காத செல்லிலிருந்து வந்திருக்கக்கூடும்!

ஒப்பீட்டு மரபணுவும் ஐயத்திற்குரியதே. தடித்த இதயம் கொழுப்பமிலத்தைக் குறைத்துக் குளுக்கோஸை நாடுகிறது. குளுக்கோஸ் சிதைவுப் பாதையின் நொதியான ஜிஏபிடிஹெச்சை "மாறாத" அளவுகோலாகக் கொள்வதன் நியாயத்தை எத்தனை ஆய்வேடுகள் சோதித்துள்ளன?

"நிதியில்லை, ஒற்றைச் செல் வரிசைப்படுத்தல் நமக்கு எட்டாது" என்பர். அதை யாரும் கேட்கவில்லை. செல்லின் குறுக்குப் பரப்பை அளக்கக் கோதுமை முளை லெக்டின் சாயமும் ஒளிர்வு நுண்ணோக்கியும் போதும். நார்த்திசுவைக் காணப் பிக்ரோசிரியஸ் சிவப்புப் போதும். ஒன்றுக்கு இரண்டாக ஒப்பீட்டு மரபணுக்களைச் சோதிப்பதற்குத் தேவை நிதியன்று, பொறுமை.

இம்மூன்று மரபணுக்களை அளக்க வேண்டா என்று நான் கூறவில்லை. இதயம் சுமையை உணர்ந்திருக்கிறது என்பதற்கு அவை அடையாளம், அவ்வளவே. அந்த அடையாளத்தை நோயாகவும், அதன் இறக்கத்தைச் சிகிச்சையாகவும் எழுதுவதற்காக எலிகள் மடிகின்றன. மாணவர்களின் ஐந்தாண்டுகள் கரைகின்றன. வாய்மொழித் தேர்வில் அமரும் பேராசிரியப் பெருமக்கள் இனி ஒரு வினாவையேனும் எழுப்புங்கள்: "செல்லை அளந்தீர்களா?" அளக்காத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள்.