உழைச்செல்வானின் அறிவு

திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரத்தில் பாடம் நடத்தச் செல்பவன் நான். வழியில் நாள்தோறும் முண்டியம்பாக்கம் வரும். 2010இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பிறகு எங்கள் பேருந்தின் முகமே மாறிப்போயிற்று. வெள்ளை அங்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்ட மருத்துவ மாணவர்கள், சீருடையில் செவிலியர் மாணவியர், ஆய்வகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என எல்லோரும் ஒரே நிறுத்தத்தில் இறங்குவார்கள். இறங்கியதும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து நடப்பார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன், என் தாயார் நோயில் விழும்வரை.

அவரைச் சேர்த்திருந்தது வேறோர் ஊரின் மருத்துவமனை. பெயர் இங்கே தேவையில்லை. பக்கவாதம். காலையில் பேராசிரியர் வரும்போது மருத்துவ மாணவர்கள் கட்டிலைச் சூழ்ந்து நிற்பார்கள், செவிலியர் மாணவியர் சுவரோரமாக நிற்பார்கள். மூன்றாம் நாள் இரவு, தண்ணீர் புகட்டும்போதெல்லாம் அம்மாவுக்கு இருமல் வருவதையும் குரல் கரகரப்பதையும் ஒரு மாணவி கவனித்திருக்கிறாள். தன் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள். மறுநாள் காலை அதே கட்டிலின் மறுபுறம் நின்று ஒரு மருத்துவ மாணவர் தம் குறிப்பேட்டில் கைகால்களின் வலுவைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஏடுகளும் இருவேறு ஆசிரியர்களிடம் திருத்தத்திற்குப் போயின. ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. விழுங்கிய நீர் மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகிவிட்டது என்றார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் மேலும் பதினொரு நாள் அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "யாரிடம் சார் சொல்வது?" என்றாள். அவளைக் குறைகூற எனக்கு வாயில்லை. அந்த இருமலை நானும்தான் கேட்டேன். சளி என்று நினைத்துக்கொண்டேன்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தை நடத்தும்போது அதன் கடைசிக் குறளை, அதாவது 950ஆம் குறளை, மணியடிப்பதற்குள் அவசரமாக முடித்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதைப் பிழையாமல் அளிப்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அதன் பொருள். நான்காமவனுக்கு வள்ளுவர் தரும் பெயர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பரிமேலழகர் இந்நான்கிற்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துரைக்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் வைப்பவை நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் திறன், அறிவுடைமை. நோயாளிக்கும் தன் நோய்நிலையை எடுத்துணர்த்தும் வன்மை வேண்டும் என்கிறார். (சரகரின் நூலிலும் இந்நான்கு உண்டு, யார் யாரிடம் பெற்றார் என்னும் வழக்கு இப்போது வேண்டாம்.) நம் மருத்துவமனைகள் உழைச்செல்வானிடமிருந்து சொன்னதைச் செய்யும் திறனை மட்டும் எடுத்துக்கொண்டு அறிவுடைமையை வாசலிலேயே நிறுத்திவிட்டன என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஏட்டளவில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் எனப் பல படிப்புகளுக்கும் 1988 முதல் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமே தேர்வு வைத்துப் பட்டம் தருகிறது. ஒரே பல்கலைக்கழகம், ஆனால் இவர்கள் ஓர் அறையில் சேர்ந்து அமரும் பாடவேளை அரிது. வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே சொல்லிவிட்டது. 2019இல் நடைமுறைக்கு வந்த இந்திய மருத்துவப் பாடத்திட்டமும், மருத்துவர் நலவாழ்வுக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்கிறது. தலைவர் என்பது நம் பிள்ளைகளுக்கு முதலாண்டிலேயே மனப்பாடமாகிவிடுகிறது. உறுப்பினர் என்பதைத்தான் யாரும் கற்பிப்பதாகத் தெரியவில்லை.

இதே நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. கத்தி படுவதற்கு முன், அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாயிற்றா என்று உறுதிசெய்வது அதில் ஓர் அம்சம். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அவற்றில் இறப்பு விகிதம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்திருந்தது. பெயர் சொன்னதால் மட்டும் இது நேர்ந்தது என்று நான் வாதிடவில்லை. ஆனால் பெயர் சொல்லி ஒருமுறை வாய் திறந்தவர், தவறு கண்டால் மறுமுறையும் திறப்பார். நம் வார்டுகளில் எல்லோரும் 'சிஸ்டர்'தானே. பதினாறு நாள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்ணின் பெயரை நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இணைந்து பணியாற்ற நம்மவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்களையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் குடித்தவர்கள் சிலரையும் முண்டியம்பாக்கத்திற்குத்தான் கொண்டுவந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைத் தாக்கும். இரத்தத்தில் ஏறும் அமிலத்தை அளந்து சொல்ல ஆய்வகத்தார் வேண்டும். சோடியம் பைகார்பனேட் ஏற்றச் செவிலியர் வேண்டும். டயாலிசிஸ் இயந்திரத்தினருகே அதன் நுட்பர் வேண்டும். 'கண் மங்குகிறது' என்று நோயாளி முனகுவதை யாரேனும் காதில் வாங்க வேண்டும். மருத்துவர் ஒருவரால் ஆகிற காரியமில்லை இது. திண்டிவனத்திலும் இதைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் கிளை பிரியும் ஊர் இது, விபத்துக்குக் குறைவில்லை. 108 வண்டியிலிருந்து இறங்கும் மருத்துவ உதவியாளர் அரை நிமிடத்தில் சொல்லி முடிப்பதை, பணி மருத்துவர் குறுக்கிடாமல் கேட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அங்கே சொல்வதற்கு ஆள் இருக்கிறார், கேட்பதற்கும் ஆள் இருக்கிறார். இரத்தம் வழியாத நோய்க்கு மட்டும் ஏன் இந்த மரியாதை இல்லை?

முடிவெடுப்பவர் ஒருவராகத்தான் இருக்க முடியும், வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் நிற்பவர் மருத்துவர்தானே என்று என் மருத்துவ நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்பது முடிவெடுக்கும் உரிமையை அன்று. முடிவுக்கு முன் செய்தி வந்து சேரும் வழியை. தொகுப்பூதியத்தில் காலம் தள்ளும் ஒரு செவிலியர் பணிக்கு வந்த பிறகு துணிந்து பேசுவார் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அந்தப் பழக்கம் மாணவப் பருவத்திலேயே படிய வேண்டும். கேட்கும் பழக்கமும் அப்படித்தான்.

இதற்குப் புதிய கட்டடமோ அரசாணையோ தேவையென்று எனக்குத் தோன்றவில்லை. முண்டியம்பாக்கத்தில் ஒரே ஒரு வார்டில், வாரத்திற்கு ஒரு மணி நேரம், ஒரு நோயாளிக்கு ஒரு குறிப்பேடு என்று வைத்துப் பார்க்கலாம். மருத்துவ மாணவரும் செவிலியர் மாணவியும் இயன்முறை மாணவரும் அதிலேயே எழுதட்டும். இரண்டு துறை ஆசிரியர்களும் சேர்ந்து திருத்தட்டும். முதலில் இரவுப்பணி பார்த்தவர் பேசட்டும், அதன்பின் மற்றவர்கள். நோயாளியோ கூட இருப்பவரோ சொல்ல விரும்புவதற்கும் அதில் ஒரு பக்கம் விட்டுவையுங்கள்.