அங்குலக் கணக்கு

மடிக்கணினி வாங்கப் புறப்படும் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை அங்குலத் திரை?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை கடையில் இல்லை. கணினியைச் சுமக்கப் போகிறவரின் தோளில் இருக்கிறது.

நம் நண்பர் ஒருவர் தம் குமாரியை வெளியூர்க் கல்லூரியில் சேர்த்தபோது, கடன் வாங்கி, 17 அங்குலத் திரையுள்ள கணினியை வாங்கிக் கொடுத்தார். "கொடுக்கிற பணத்துக்குப் பெரிதாகவே இருக்கட்டுமே, ஸார்!" என்றார். நாமும் தலையை ஆட்டி வைத்தோம். தீபாவளிக்கு ஊர் வந்த பெண் நம்மிடம் உண்மையைச் சொன்னாள். சார்ஜரோடு மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் அதைத் தினந்தோறும் சுமக்க இயலாமல், விடுதியில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறாளாம். வகுப்பில் தோழியின் கணினியை எட்டிப் பார்த்துப் படிக்கிறாளாம். கடன் மட்டும் மாதந்தோறும் தவறாமல் கழிந்துகொண்டிருக்கிறது!

திரையின் அளவு என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை அளப்பது. 14 அங்குலத்துக்கும் 15.6 அங்குலத்துக்கும் வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரே வடிவமுள்ள திரைகளானால், பரப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதோடு கனமும் பொதுவாகக் கூடும். பாட்டரிக்கும் வேலை அதிகம். வடிவத்தையும் கவனிக்க வேண்டும். 14 அங்குலத்திலேயே 16:9 திரையைவிட 16:10 திரை அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான உயரமுள்ளது. படிக்கவும் எழுதவும் சில வரிகள் கூடுதலாகத் தெரியும்.

ஆகவே, தினமும் எடுத்துச் செல்பவருக்கு 13 அல்லது 14 அங்குலம் போதும். மேஜையை விட்டு நகராமல் கணக்கெழுதுவோருக்கும், பார்வை மங்கிய பெரியோருக்கும் 15.6 அல்லது 16 அங்குலமே சௌகரியம். அவற்றுள் பலவற்றில் எண்களுக்குத் தனி விசைகளும் உண்டு. இரண்டு தேவையும் உள்ளவர்கள் சிறியதை வாங்கி, வீட்டில் 24 அங்குலத் தனித் திரை ஒன்றை இணைத்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் ஒரு சோதனை. புத்தகப் பையில் இரண்டு கிலோ அரிசியையும் வைத்து, அரைமணி நேரம் நடந்து பாருங்கள். பிறகு கடையில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து, மெய்யெழுத்தின் புள்ளி சிரமமின்றித் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கனத்தைக் குறைக்க வழியில்லை.

அந்த நண்பரும் இப்பகுதியைத் தவறாமல் வாசிப்பவர். பெண்ணின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். அவளைக் கோபிக்க வேண்டாம். அன்று தலையாட்டிய நம்மைக் கோபித்துக்கொள்ளட்டும்.