காற்றுக்குக் காசில்லை

வாயு பகவானின் பலத்தைப் பற்றி நம்மவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய புத்திரர் சஞ்சீவி மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தவர். ஆனால் அதே வாயு பகவான் தினந்தோறும் விடியற்காலையில் கோயம்பேட்டிலிருந்து மயிலாப்பூருக்குக் கத்திரிக்காய் மூட்டை சுமக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1996-ஆம் ஆண்டில் காய்கறிச் சந்தை கொத்தவால் சாவடியை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2005-ஆம் ஆண்டில் டாடா கம்பெனியார் 'ஏஸ்' என்னும் சின்னஞ்சிறு சரக்கு வண்டியை வெளியிட்டார்கள். நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று நாமகரணம் செய்து, அன்று முதல் அதன் முதுகில் ஏற்றாத பொருள் இல்லை. மயிலைக்குக் காய்கறி, தியாகராய நகருக்கு ஜவுளி மூட்டை, அடையாற்றுக்குப் புதுக் குடித்தனக்காரரின் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அதில்தான் வருகின்றன. இத்தனை பாரத்தையும் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் ரப்பர் வெறும் பைதான். பாரத்தைத் தாங்குவது பைக்குள் இருக்கும் காற்று.

காற்றைப் பையில் அடைத்துச் சக்கரத்துக்கு மாட்டலாம் என்று முதலில் கண்டவர் ராபர்ட் தாம்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1845-ல் அவர் உரிமை பெற்றபோது உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியரான டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். அப்புறந்தான் உலகம் காற்றின் மேல் ஓடத் தொடங்கியது.

கணக்கு மிக எளிது. ஒரு சக்கரத்தின் மேல் 900 பவுண்டு பாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருந்தால், டயர் ஏறக்குறைய 20 சதுர அங்குலம் தரையில் பதிந்து நிற்கும். அதாவது ஒரு கையகலம்! காற்று 30 பவுண்டாகக் குறைந்தால் பதியும் இடம் 30 சதுர அங்குலமாகிவிடும். பாரம் குறையவில்லை, டயர்தான் சப்பையாகிறது. சப்பையான டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. குட்டி யானையின் சிறு சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 600 தடவை சுழலும். கோயம்பேட்டிலிருந்து மயிலைக்கு வந்து சேர்வதற்குள் ஆறாயிரம் மடிப்புக்குக் குறையாது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அது எப்படிச் சுடும் என்று குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். டயரின் கதியும் அதுதான்.

இங்கேதான் ஒரு பெரிய விபரீதம் நடக்கிறது. சித்திரை மாதத்துக் கத்திரி வெயிலில், "வெயிலுக்கு டயர் வெடித்துவிடும், கொஞ்சம் காற்றை இறக்கி விடு" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. வெயிலில் காற்றின் அழுத்தம் ஏறுவது மெய்யே. ஆனால் ஐந்தாறு டிகிரி உஷ்ணத்துக்கு ஒரு பவுண்டுதான் ஏறும். அதற்கு இடம் வைத்துத்தான் டயரைச் செய்கிறார்கள். காற்றை இறக்கினாலோ மடிப்பு அதிகமாகும். மடிப்பு அதிகமானால் உள்சூடு அதிகமாகும். சூட்டில் ரப்பரும் நூலும் பிரிந்து, எதற்குப் பயந்தோமோ அதுவே நேர்ந்துவிடும். பல டயர்கள் வெடிப்பது காற்று மிகுந்து அல்ல, குறைந்துதான். அதற்காக மட்டுமீறி அடிப்பதும் பிசகு. டயரின் நடுப்பாகம் தேய்ந்து பிடிப்புக் குறையும்.

பெட்ரோல் பங்கில் நடக்கும் சம்பாஷணையைக் கேட்டிருப்பீர்கள்.

"எவ்வளவு அண்ணே?"

"வழக்கம்போல் போடு, தம்பி."

இந்த 'வழக்கம்' எங்கிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியாது. சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் அச்சாகியிருக்கிறது. பாரம் ஏற்றினால் பின் சக்கரங்களுக்கு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். அளவு பார்க்க வேண்டியது, வண்டி மூன்று மணி நேரமாவது நின்று டயர் ஆறிய பிறகு. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை வெளியே விடக் கூடாது. ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். காற்றில்லாத ஸ்டெப்னி ஆபத்துக்கு உதவாத உறவினர் போன்றது.

ரப்பரின் அருமையை உலகம் 1942-ல் உணர்ந்தது. மலாய் நாடு ஜப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து ஏறக்குறைய நின்றது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே டயர் தேயாமலிருக்க மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். அந்த மலாய்த் தோட்டங்களில் இருள் பிரியுமுன் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ச் சகோதர சகோதரிகள். டயரை அநியாயமாகத் தேய்ப்பவர்கள் இதைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வீட்டுச் சாமானை ஏற்றியதும், கூலியாட்கள் பீரோவின் மேலும் மெத்தையின் மேலும் தொற்றிக்கொள்வதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது சட்ட விரோதம் என்பது இருக்கட்டும். அடையாற்றுப் பாலத்தின் மேல் பின் டயர் வெடித்து வண்டி ஆட்டம் கண்டால், உச்சியில் இருப்பவன் எதைப் பிடித்துக்கொள்வான்? வாடகை பேசும்போது நூறு ரூபாயைக் குறைப்பதில் காட்டும் சாமர்த்தியத்தில் பத்தில் ஒரு பங்கை, "டயரில் காற்றுப் பார்த்தாயா, அப்பா?" என்று கேட்பதில் காட்டினால் போதும். ஆட்களுக்குத் தனியே ஆட்டோ வைத்துக் கொடுப்பதும் பெரிய செலவல்ல.

பெட்ரோல் பங்குகளில் காற்றை இலவசமாக அடித்துத் தர வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளின் விதி. காற்றுக்குக் காசில்லை. அதைப் பார்க்க ஆகும் ஐந்து நிமிஷத்தை வண்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டியவர்கள், அவசரப்படுத்தும் நாம்தான்.