‘வரலாறற்ற நாடு’ என்னும் சோம்பல்

அமெரிக்கா சென்று திரும்பிய நம்மவர்களின் பயணக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு வாக்கியம் வந்துவிடும். ‘அந்த நாட்டுக்கு வரலாறே கிடையாது, இருப்பதெல்லாம் இருநூற்றுச் சொச்ச வருடங்கள்தான்’ என்பதே அது. ஈராயிரம் ஆண்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவரின் பெருமிதம் அதில் தொனிக்கும். அந்தப் பெருமிதம் அறியாமையில் நிற்கிறது என்பதோடு, அது யாருடைய கட்சியில் நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிய அதே பதினோராம் நூற்றாண்டில், இன்றைய செயிண்ட் லூயிஸ் நகருக்கு எதிர்க்கரையில் கஹோக்கியா என்னும் பெருநகரம் தழைத்திருந்தது. கூடை கூடையாக மண் சுமந்து பூர்வகுடிகள் எழுப்பிய அதன் பெரிய மேடு ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. 1982இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அமெரிக்க வரலாறு 1776இல் தொடங்குவதாகச் சொல்கிறவர், அந்த மேட்டை எழுப்பியவர்களை மனிதக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறார். அங்கே குடியேறிய வெள்ளையர் செய்ததும் இதுதான். நாம் அதை இங்கிருந்தபடியே, செலவில்லாமல் செய்கிறோம்.

பிலடெல்பியாவுக்குப் போகிறவர்கள் சுதந்திர மணியின் முன் நின்று படமெடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. அந்த மணிக் கட்டடத்தின் வாசலையொட்டித்தான் ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராக வாழ்ந்த வீடு இருந்தது. அங்கே அவர் ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார். ஆறு மாதம் தொடர்ந்து தங்கிய அடிமை விடுதலை கோரலாம் என்றது பென்சில்வேனியா மாநிலச் சட்டம். எனவே கெடு முடியுமுன் அவர்கள் மாநில எல்லைக்கு வெளியே அனுப்பப்பட்டு மறுபடி அழைத்துவரப்பட்டார்கள். அவர்களில் ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண் 1796இல் அந்த வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போனாள். அவளைப் பிடித்துவர அதிபர் ஆள் அனுப்பினார். அவள் பிடிபடவில்லை. 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் பார்வையில் அவள் தப்பியோடிய அடிமைதான்.

ஆய்வாளர்கள் எழுதி, கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே 2010இல் அந்த ஒன்பது பேரின் பெயர்களும் கதைகளும் அவ்விடத்தில் நினைவுச்சின்னமாயின. 2025 மார்ச்சில், நாட்டின் கடந்தகாலத்தைச் சிறுமைப்படுத்தும் விளக்கங்கள் அரசின் பொறுப்பிலுள்ள இடங்களில் இருக்கக்கூடாது என்று அதிபரின் ஆணை வந்தது. 2026 ஜனவரியில் விளக்கப் பலகைகள் கழற்றப்பட்டன. நகர நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. அவற்றைத் திரும்ப வைக்குமாறு பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது. வரலாறற்ற நாட்டில் எதற்கு இத்தனை போராட்டம்? வரலாறு இருப்பதால்தான் அதைக் கழற்ற ஆள் வருகிறார்கள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. எல்லா நாட்டுக்கும் கறை உண்டு, அதையே தோண்டிக்கொண்டிருந்தால் மக்கள் பிளவுபடுவார்கள் என்பது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளவு அந்த வீட்டின் கூரைக்குக் கீழே ஏற்கெனவே இருந்தது. ஒருவர் மேசையில் உண்டார், இன்னொருவர் பரிமாறினார். அதைச் சொல்லும் பலகை எந்தப் பிளவையும் புதிதாக உண்டாக்கவில்லை. ஓனா ஜட்ஜின் பெயரை எழுதுவதால் வாஷிங்டனின் பெயர் அழிந்துவிடுவதுமில்லை. அவள் பெயரை எடுத்துவிட்டால்தான் ஒரு பெயர் அழிகிறது.

இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் மேற்குக் கரையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை குடிவரவு நிலையம் இயங்கியது. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் அமலில் இருந்த காலம். கப்பலில் வந்த சீனர்களை அங்கே அடைத்துவைத்து விசாரித்தார்கள். உன் ஊரில் எத்தனை வீடுகள், உன் வீட்டுக்கு எத்தனை படிகள் என்று கேள்விகள் நீளும். தந்தை சொன்ன பதிலும் மகன் சொன்ன பதிலும் பொருந்தாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். வாரக்கணக்கில், சிலர் வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். மரச்சுவர்களில் கவிதை எழுதினார்கள். அதிகாரிகள் அதன்மேல் வண்ணம் பூசினார்கள். எழுதியவர்கள் கத்தியெடுத்துச் செதுக்கத் தொடங்கினார்கள்.

இடிப்பதற்கென்று விடப்பட்டிருந்த அந்தக் கட்டடத்தில் 1970இல் ஒரு பூங்காக் காவலர் கைவிளக்கின் ஒளியில் அந்த எழுத்துகளைக் கண்டார். மேலதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. சீன வம்சாவளியினர் போராடி 1976இல் அரசின் நிதியைப் பெற்றார்கள், கட்டடம் பிழைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் இன்று அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயர் இல்லை.

‘இவை ஆவணங்கள், இலக்கியமல்ல’ என்று உதட்டைப் பிதுக்குகிற அழகியல்வாதிகள் நம்மிடையேயும் உண்டு. அவர்களிடம் சொல்ல ஒன்றிருக்கிறது. அந்தக் கவிதைகளில் பல, சீனச் செவ்வியல் மரபின்படி அடிக்கு ஐந்து அல்லது ஏழு எழுத்து என்ற கட்டுக்குள் நிற்பவை. எழுதியவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பள்ளி தாண்டாதவர்கள். அவற்றில் தளர்ந்த வரிகள் உண்டுதான். ஆனால் படிக்க யாரும் வரமாட்டார்கள் என்ற நிலையில், அடுத்து அதே கட்டிலில் படுக்கப்போகும் முகம் தெரியாத ஒருவனுக்காக யாப்புப் பிசகாமல் எழுத முயன்றவனை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்த எந்த அளவுகோலுக்கும் உரிமை கிடையாது.

இதெல்லாம் சீனர் கதை என்று நழுவவும் வழியில்லை. அதே தீவின் வழியாகத்தான் 1915இல் பெஷாவரைச் சேர்ந்த வைஷ்ணோ தாஸ் பாகாய், மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் வந்தார். 1921இல் குடியுரிமை பெற்றார். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், எனவே குடிமக்களாகத் தகுதியற்றவர் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாகாயின் குடியுரிமை பறிக்கப்பட்டது. கடையை விற்க நேர்ந்தது. 1928இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இன்று பெர்க்லியில் கலா பாகாயின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அதில் நடக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்?

குடியுரிமைச் சமூகங்களில் இந்தியர் இன்று பெற்றிருக்கும் இடம் நம் கணிதத் திறமைக்கு மட்டும் கிடைத்த பரிசல்ல. 1946இல் இந்தியருக்குக் குடியுரிமை வாசல் சிறிது திறந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டமே அதை அகலமாக்கியது. நாட்டின் பெயரால் ஆளை ஒதுக்கிய பழைய ஒதுக்கீட்டு முறை அப்போது சரிந்ததற்குப் பின்னால், தெற்கு மாநிலங்களில் அடிவாங்கிய கறுப்பினத்தவரின் குடியுரிமைப் போராட்டம் இருக்கிறது. அவர்கள் திறந்த வாசலில் நுழைந்து உட்கார்ந்துகொண்டு ‘இந்த வீட்டுக்கு ஏது வரலாறு’ என்று கேட்பது நன்றிகெட்ட செயல்.

இனி சான் பிரான்சிஸ்கோ போகும் நண்பர்கள் பாலத்தின் முன் படமெடுத்து முடித்ததும் படகேறி ஏஞ்சல் தீவுக்குப் போய் வரட்டும். சுவரில் கை வைக்க வேண்டாம், மரம் பழையது. வண்ணப்பூச்சுக்கு அடியில் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். பார்த்துத் திரும்பிய பிறகு, அந்த வழக்கமான வாக்கியத்தை எழுத மனம் வருகிறதா என்று சொல்லட்டும்.