கொண்டியைத் திறக்கும் அலகு

வெல்டிங் பட்டறையில் பறவைக் கூண்டு சொல்லிச் செய்பவர்கள் கம்பியைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள், கதவை மறந்துவிடுவார்கள். கிளிக்கோ கொண்டி ஒரு விளையாட்டுச் சாமான். 2013இல் வியன்னா ஆய்வாளர்கள் வைத்த ஐந்து பூட்டுகளையும் ஒரு காஃபின் காக்கட்டூ வரிசையாகத் திறந்து, உள்ளிருந்த முந்திரியை எடுத்துக்கொண்டது.

கம்பிக் கொக்கி எம்மாத்திரம்!

பட்ஜெரிகருக்கு என்றால் கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தலை சிக்கும். (பச்சைக்கிளிக்குக் கூண்டு கேட்டால் பட்டறைக்காரர் மறுப்பதே நல்லது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.) பளபளக்கும் ஜி.ஐ. வலையும் வில்லங்கம்தான்: கொறித்தால் துத்தநாகம் வயிற்றில் இறங்கி நஞ்சாகும். வினிகரால் தேய்த்துக் கழுவினால் ஓரளவு குறையும். காசு இருந்தால் எவர்சில்வரே மேல். கீலை வெளிப்பக்கம் வைத்து, பற்றவைத்த இடத்துப் பிசிறுகளை அரத்தால் ராவச் சொல்ல வேண்டும். கால் விரல் கிழிவது அங்கேதான்.